பசியோடு பதினான்கு கிலோமீட்டர்

சனிக்கிழமை, காலை 10.20. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஒருவருக்கான இடத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். உட்கார முடிந்தது. சற்று நேரத்தில் ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முறைக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை, "கொஞ்சம் தள்ளுங்க" என்றும் சொல்லவில்லை. போன வருடம் வரை நூற்று முப்பத்தொரு கிலோவோடு பேருந்து ஏறியவனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று ஒல்லியாகப் பிறந்தவர்களுக்குப் புரியாது.

என் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிக்குள் இறங்கிவிட்டு ஏறி வர முடியாமல் மாட்டிக்கொண்டேன். நான்கு பேர் கயிறு போட்டுத் தூக்கினார்கள். குடியிருப்புவாசிகள் பால்கனியில் நின்று பார்த்தார்கள், ஒருவர் படம்கூடப் பிடித்தார். அதற்கடுத்த மாதம் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு. ஒன்பது மாதத்தில் நாற்பது கிலோ போய்விட்டது.

இந்த விவரம் என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். ஊரில், உறவில், எல்லோரிடமும் "வயித்துல ஒரு கட்டி, எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். தின்றே பெருத்தவன், அதற்கு வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற வெட்கம்தான் காரணம். வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை.

விஜயா அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். கட்டி என்று கேட்டதும் அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். நான் பிழைத்து எழுந்தால் கிரிவலப் பாதையில் இருநூற்றைம்பது பேருக்கு அன்னதானம், அதுவும் தன் கையால் சமைத்து. ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. அந்த அன்னதானத்துக்குத்தான் இந்தப் பயணம்.

பகல் 12.30, திண்டிவனம். வண்டி பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கவில்லை. இறங்காமல் இருந்தாலும் வாசனை ஜன்னல் வழியே ஏறிவிட்டது. கல்லில் பரோட்டாவைத் தட்டி அடுக்கும் சத்தம், சால்னாவில் வெந்த சோம்பு. பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து, வெள்ளைக்கருவை மட்டும் சிறுசிறு துண்டாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் இருபது தடவை மென்றேன். தண்ணீர் கூடவே குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். பக்கத்துப் பெரியவர் நான்கு பரோட்டாவை முடித்துவிட்டு ஏப்பத்தோடு திரும்பி வந்தபோதும் நான் அதே முட்டையோடு இருந்தேன்.

"இன்னா சார், பல்லு வலியா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்வது எனக்கு அப்போது மூச்சு விடுவதுபோல் வந்துகொண்டிருந்தது.

பசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் எனக்குப் பசியே இல்லை. நாற்பத்து நான்கு வருடம் என் தோள்மேல் உட்கார்ந்திருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஆறாவது மாதம், ஒரு லிஃப்டுக்குள் யாரோ பிரியாணிப் பொட்டலத்தோடு ஏறினார்கள். வாசனை பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று திரும்பி வந்த பசி அப்புறம் போகவில்லை. வயிறு ஆறு கவளத்தில் நிறைந்துவிடும், ஆனால் ஆசை நிறையாது. ராத்திரியில் போனில் யாரோ ஊர்ப் பெண்மணி மீன் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். மருத்துவமனையில் கேட்டால் "பசியே இல்லைங்க" என்பேன். பசிக்கிறது என்று சொன்னால், ஆபரேஷன் தோற்றுவிட்டது, பழைய உடம்பு திரும்பப் போகிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

பிற்பகல் 2.40. செஞ்சி தாண்டி கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன். கிளாம்பாக்கத்திலிருந்து டிக்கெட் நூற்றெழுபது ரூபாய். பேருந்து நிறுத்தத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, படி முப்பது ரூபாய்க்கு ஆவி பறக்க விற்றுக்கொண்டிருந்தது. மாமா, அக்காவின் கணவர், பைக்கோடு நின்றிருந்தார். என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, நான்தான்" என்றேன்.

"அட, மச்சான்! பாதி ஆளத்தான் அனுப்பிக்கிறாங்க, மீதி அடுத்த பஸ்லயா?" என்று சிரித்தார். பைக்கில் ஏறியதும் சக்கரம் அமுங்கவில்லை என்பதையும் சொல்லிச் சிரித்தார். ஒன்றரை ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும் போட்டிருக்கிறார். கேலி பேசாமல் அவருக்குப் பொழுது போகாது.

வீட்டு வாசலில் அக்கா என்னைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "இன்னாடா இப்டி எளச்சிட்ட" என்றார், அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்தது அக்காவை. கழுத்தெலும்பு தெரிந்தது. ரவிக்கைக் கை தொளதொளத்தது.

இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு. கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. என் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டு அக்கா தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தார். நான் மூன்று கவளம் சாப்பிட்டு, மீதியைத் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளி, சாப்பிட்டதுபோல் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குழம்பு வாசனைக்கு முன்னால் அப்படித் தள்ளிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று எழுதினால் சிரிப்பீர்கள்.

"நீ சாப்பிடலையாக்கா?"

"நான் அப்புறமா" என்று எழுந்து போய்விட்டார்.

மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது ராச்சோறு தொட்டு ஒம்போது மாசம் ஆவுது மச்சான். உனக்குக் கட்டினு சொன்ன அன்னிக்கி விட்டுச்சு. அன்னதானம் முடியிற வரைக்கும் ராவுல தண்ணிதான். சொன்னா கேக்கல. ரெண்டு வாட்டி கயினியில மயக்கம் போட்டு வுயுந்துச்சு. உங்கிட்ட சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிக்கிச்சு."

சாப்பாட்டை நிறுத்த முடியாததால் வயிற்றை வெட்டிக்கொண்டவன் நான். எனக்காக ஒருத்தி ஒன்பது மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள், இல்லாத கட்டிக்காக. அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளையோடு விரதம் முடியப்போகிறது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஞாயிறு, காலை 4.45. மாமா என்னை ராஜகோபுரத்துக்கு எதிரில் இறக்கிவிட்டுத் திரும்பினார். அவரும் அக்காவும் பாத்திரங்களோடு வேனில் நேராக அடி அண்ணாமலைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. அங்கே ஒரு தெரிந்தவர் கடை வாசலில் பந்தல் போட்டு, அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்கள். கோபுரத்திலிருந்து கிட்டத்தட்ட பாதித் தூரம் அது. மலையைச் சுற்றி மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் ஆட்டோவில்தான் சுற்றுவேன். ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்ததும் ஐம்பது ரூபாய் ஜாஸ்தி கேட்பார்கள்.

செருப்பைக் கழற்றி பைக்குள் போட்டேன். தேரடித் தெருவில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமிக் கூட்டம் மாலையில்தான் நெரியும் என்றாலும் அப்போதே சாரிசாரியாக நடந்துகொண்டிருந்தார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் வந்தபோது வானம் வெளுத்துவிட்டது. ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பெரிய கோப்பையில் பழத்துண்டுகளை நிரப்பி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி நான் நின்றது ரொம்ப நேரமாகிவிட்டது போலிருக்கிறது. கடைக்காரர் "சார், உங்களுக்கு?" என்றார். ஓட்டமாக நடந்தேன்.

செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் கிரிவலப் பாதையில் திரும்பியதும் மரநிழல். ஒவ்வொரு லிங்கத்துக்கு முன்பும் நின்று திருநீறு பூசிக்கொண்டேன். முட்டி வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. ஒரு மாடி ஏற மூன்று இடத்தில் நின்ற உடம்பு இது. மலையைப் பார்த்து உண்மையாகவே கும்பிட்டேன். ஆனால் பசி விடவில்லை. ஆறரை மணியிலிருந்து ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு அன்னதானப் பந்தல். இட்லி, பொங்கல், சுண்டல், மோர். வழியில் நிற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். "வேணாம்னு சொல்லாதீங்க சாமி, வேண்டுதல்" என்கிறார்கள். அன்னதானத்தை மறுப்பது இங்கே கொடுப்பவரின் வேண்டுதலையே தட்டிவிடுவது போல. வாங்கி, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த காவி உடைக்காரர்களிடம் கொடுத்துக்கொண்டே போனேன். நாலாவது பொட்டலம் கொடுத்தபோது ஒருவர், "இட்லி போதும் சாமி, அடுத்த பந்தல்ல பொங்கல் கெடைச்சா எட்டாந்து குடுங்க" என்றார்.

காலை 8.10, அடி அண்ணாமலை. பந்தலில் மூன்று அண்டாக்கள். சாம்பார் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல். அக்கா மஞ்சள் புடவையில் கரண்டியோடு நின்றிருந்தார். நாற்பது ஐம்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பாக்குமட்டைத் தட்டு நிறைய சர்க்கரைப் பொங்கலை வைத்து நீட்டினார்.

"யாருக்காக வேண்டிக்கிட்டதோ, அவன் வாயில மொதல்ல போவணும். அப்புறம்தான் மத்தவங்களுக்கு. சாப்புடு."

வரிசை முழுக்க என்னையே பார்த்தது. நெய் மினுங்கியது, முந்திரி வெல்லத்தில் பளபளத்தது. அக்காவுக்காகச் சாப்பிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். எனக்கு அது வேண்டியிருந்தது. மூன்று மாதமாக வேண்டியிருந்தது. மெல்லவில்லை, எண்ணவில்லை. பாதித் தட்டு உள்ளே போன பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

முதலில் நெஞ்சுக்கு நடுவில் ஒரு கல் அடைத்தது. பிறகு வாயில் எச்சில் ஊறி ஊறி வழிந்தது. சட்டை நனையும்படி வியர்த்து, இதயம் அடித்துக்கொண்டது. கடைக்குப் பின்னால் இருந்த முள்வேலி வரை ஓடி, குனிந்து, எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஆகும் என்று மருத்துவமனையில் முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். இனிப்பை அவசரமாகச் சாப்பிட்டால் இதுதான் தண்டனை.

அக்காவுக்கு அது தெரியாதே. "கட்டி திரும்ப வந்துட்ச்சா? ஐயோ, திரும்ப வந்துட்ச்சா?" என்று அலறிக்கொண்டு வந்தார். மாமா தண்ணீர் கொண்டு வந்தார். அக்கா என்னைத் தொடவில்லை. மலையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

"அண்ணாமலையாரே, எந்தம்பிய வுட்டுடு. என் உசுரு இருக்கிற மட்டும் ராச்சோறு..."

அந்த வாக்கியம் முடிந்துவிட்டால் முடிந்ததுதான். சாமியிடம் சொன்ன வார்த்தையை அக்கா திருப்பி வாங்குபவர் அல்ல. நான் மண்ணிலிருந்து எம்பி அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"சொல்லாதக்கா! கட்டி இல்ல. எப்பவுமே கட்டி இல்லக்கா. ஒடம்பு எளைக்கத்தான் வயித்த வெட்டிக்கினேன். பொய் சொல்லிட்டேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமாவுக்கு அன்று முதல்முறையாகக் கேலி எதுவும் வரவில்லை.

"கட்டி இல்லியா?"

"இல்ல."

"நான் ஒம்போது மாசமா..." என்று தொடங்கி நிறுத்தினார். என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஜனம் நிக்குது. கைய கழுவிக்கினு வந்து போடு" என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டரை மணி நேரம் நான் சர்க்கரைப் பொங்கலும் அக்கா சாம்பார் சாதமும் போட்டோம். குழந்தையைத் தூக்கி வந்தவர்கள், நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு பூசியவர்கள், காலில் கொப்புளத்தோடு நொண்டியவர்கள், எல்லோரும் தட்டை நீட்டினார்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வைத்தேன். அப்படிக் கேட்க முடிகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

காலை 11.00. அண்டாக்களை வேனில் ஏற்றியதும் அக்கா, "பாதி சுத்து பாக்கி கெடக்குது இல்ல? வா" என்று என்னோடு நடக்க ஆரம்பித்தார். தார் சுட்டது. ஓரத்தில் இருந்த நிழலில் ஒட்டி ஒட்டி நடந்தோம். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அக்கா கேட்டார்.

"எவ்ளோ எடுத்தாங்க?"

"முக்காவாசி."

"எடுத்தத இன்னா பண்ணாங்க?"

"தெரியலக்கா. கேக்கல."

"அதயாவது கேட்டியா நீ" என்று சலித்துக்கொண்டார். பிறகு, "நேத்து தட்டுல தள்ளிக்கினு இருந்தியே. என் கொயம்பு புடிக்காம போச்சுனு ராவெல்லாம் தூங்கல நானு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்காமல் அழுதுகொண்டே நடந்தேன். கிரிவலப் பாதையில் அழுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாமியை நினைத்து உருகுகிறான் என்று விட்டுவிடுகிறார்கள்.

"புடிக்காம இல்லக்கா. பசிக்குது. ஜாஸ்தியா பசிக்குது. எந்நேரமும் சாப்பாட்டு நெனப்புதான். எடம்தான் இல்ல."

"டாக்டருகிட்ட சொன்னியா?"

"இல்ல."

அக்கா நின்றுவிட்டார். "எங்கிட்டயும் பொய், டாக்டருகிட்டயும் பொய். அப்புறம் இன்னாத்துக்குடா வெட்டிக்கின? போனப் போடு."

குபேர லிங்கத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நின்று, மருத்துவமனையின் உணவு ஆலோசகரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார். காலையில் நடந்ததைச் சொன்னேன், மூன்று மாதமாகப் பசிப்பதையும் சொன்னேன். அந்தப் பெண் சாதாரணமாக, பசி திரும்புவது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆபரேஷன் தோற்றதாக அர்த்தமில்லை, ஆனால் அதைச் சொன்னால்தானே உதவ முடியும் என்றார். இன்றைக்கு என்ன குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை நேரில் வரச் சொன்னார். அவ்வளவுதான். மூன்று மாதம் நான் சுமந்த பயம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் இன்னொரு பயத்தையும் அங்கேயே கேட்டுவிட்டேன். "பொய்க்காக வேண்டிக்கிட்டது சாமிக்குத் தப்பாயிடுமாக்கா?"

அக்கா மலையைப் பார்த்தார். "நான் இன்னா கேட்டேன்? எந்தம்பி வயித்துல கட்டி இருக்கக் கூடாதுனு கேட்டேன். இல்ல. குடுத்துட்டாரு. கணக்கு சரியாத்தான் கீது" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடுச்சாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நிஜமாகவே வலித்தது.

இரவு 7.15, கீழ்பென்னாத்தூர். மாமா அக்காவை மணையில் உட்காரவைத்து, சோறும் ரசமும் தானே பரிமாறினார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு ராச்சோறு. எனக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்புத் தண்ணீர். அக்கா நான்காவது கவளத்தில் நிறுத்தினார். ஐந்தாவதை எடுத்து, பார்த்து, வைத்துவிட்டார்.

"எறங்க மாட்டேங்குதுடா" என்றார் ஆச்சரியத்தோடு. "வயிறு சுருங்கிப் போச்சு போல."

மாமா எங்கள் இருவரையும் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆழாக்கு போட்டாக்கூட மிஞ்சும். இந்த வீட்ல அரிசி செலவு கம்மி" என்றார். அக்கா முறைத்தார். நான் கிண்ணத்தை மெதுவாக, வாய் வாயாகக் குடித்து முடித்தேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கிண்ணத்தையும் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

திங்கட்கிழமை, காலை 7.30. பேருந்து நிறுத்தத்துக்கு அக்காவும் வந்தார். பௌர்ணமி முடிந்து திரும்பும் வண்டிகள் நிரம்பி வழிந்தன. மூன்றாவது வண்டியில் இடம் கிடைத்தது. சென்னையில் என் வீட்டில் எதையும் அளந்துதான் வைப்பார்கள். தராசு உண்டு, கிண்ணத்தில் கோடு உண்டு. இந்த ஊரில் அளவு என்பதே கிடையாது. இங்கிருந்து புறப்படும்போதெல்லாம் என் இரண்டு கையிலும் பை இருக்கும். முறுக்கு, மல்லாட்டை உருண்டை, தூக்கு நிறையக் குழம்பு, வழிக்குப் புளிச்சோறு. வேண்டாம் என்றால் அக்கா ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடுவார்.

அன்று அக்கா எதுவும் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு வந்திருந்தார். அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தன, விட்டன, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டன.

நடத்துநர் விசில் கொடுத்தார்.

"பசிக்குதாடா?" என்றார் அக்கா.

"பசிக்குதுக்கா" என்றேன்.

பத்தடி தூரத்தில் இட்லிக்கடை இருந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. நான் பிறந்ததிலிருந்து, பசிக்கிறது என்று நான் சொல்லியும் அக்கா நின்ற இடத்தை விட்டு அசையாமல் இருந்தது அன்றுதான்.